மூன்றாவது பாட்டில் ஒரு விசில்

எங்கள் வீதியில் எல்லோரும் அவரை லண்டன் அக்கா என்றுதான் சொல்வோம். அவர் லண்டனில் குடியிருந்ததே இல்லை. இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு மில் ஊர். அங்கிருந்து லண்டனுக்கு ரயிலில் போக வேண்டும் என்று அவரே பலமுறை சொல்லிப் பார்த்தார். பாப்பநாயக்கன்பாளையம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோயமுத்தூர்க்காரனை மெட்ராஸ்காரன் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவோம். இங்கிலாந்து மட்டும் எங்களுக்கு ஒரே பஸ் ஸ்டாண்டு.

அவரைப் பற்றி இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் இடது முட்டி. பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள். என் உடம்பிலேயே இப்போது உத்தரவாதம் உள்ள ஒரே பாகம் அதுதான். ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "தெனமும் நடக்கோணுங்க. வலிக்குதுன்னு ஒக்காந்தீங்கன்னா இறுகிப்போயிரும். அப்பறம் ஆயுசுக்கும் கைல கம்புதான்." வீட்டுக் கூடத்திலிருந்து வாசல் கேட் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். நான் பாதி வழியில், துளசிச் செடிக்குப் பக்கத்தில், நாற்காலி ஒன்று போட்டு வைத்துக்கொண்டேன். பாதி வழியில் உட்காருவதில் எனக்கு இணை கிடையாது. ஹிந்தி, ஹார்மோனியம், தாடி என்று நான் பாதியில் விட்டவற்றை வைத்தே இன்னொரு ஆளைச் செய்துவிடலாம்.

பெங்களூரிலிருந்து வந்த மகள் என் நடையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஊருக்குக் கிளம்பும்போது என் போனை வாங்கி எதையோ தேடினாள். "அப்பா, நீங்களும் அம்மாவும் அடிக்கடி சொல்வீங்களே, மொட்டை மாடி ஆல்பம், அது இதானே?"

படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மழை பெய்து நனைந்த ஒரு தெரு, நீளக் கோட்டு போட்டு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண். பழைய ஒலிநாடாவைச் சுத்தம் செய்து, மெருகேற்றி, புதிதாக வெளியிட்டிருக்கிறார்களாம். "இதைப் போட்டுட்டு நடங்க" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டாள்.

அந்த ஆல்பத்தை அக்கா இங்கிலாந்திலிருந்து இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். அங்கே அவர் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாராம். கூட வேலை செய்த ஒரு கறுப்பினப் பெண்மணி, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் ஹாலில் பெண்களைச் சேர்த்து இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு ஆடவைப்பாராம். அக்கா ஊருக்குக் கிளம்பியபோது அந்தத் தட்டைக் கையில் கொடுத்து அனுப்பியவர் அவர்தான். "ஹால்ல ஹீட்டரு வேலை செய்யாதுங்க தம்பி. அழகுக்கா ஆடுனோம்? குளுருக்கு ஆடுனோம்" என்பார் அக்கா. "நடுவுல நிறுத்துனா வேர்வை ஆறிக் குளுரு ஏறிக்கும். அதனால கடைசிப் பாட்டு முடியற வரைக்கும் யாரும் நிறுத்தமாட்டோம்."

அந்தப் பழக்கமா, இல்லை பிறவியிலேயே அப்படியா, தெரியாது. அக்காவுக்கு எதையும் பாதியில் விட வராது. அதுதான் அவர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மோசமான சினிமாவுக்குப் போனால் தியேட்டரே காலியான பிறகும் அக்கா மட்டும் உட்கார்ந்திருப்பார். கூடப் போன பாவத்துக்கு நானும் உட்கார்ந்திருப்பேன். கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்த எதையும் மிச்சம் வைக்கமாட்டார். அடுத்த வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்த கதை எத்தனை நீளமானாலும், கேட்டை ஒரு கையில் பிடித்தபடி கடைசிவரை கேட்பார். ஒரு தடவை, மொட்டை மாடியில் விரிக்க ஜமக்காளம் வாங்க வேண்டும் என்று பவானிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என்னைக் கூட்டிப்போனது யோசனை கேட்க என்று நினைத்துக்கொண்டு போனேன். தூக்கிக்கொண்டு வர. கடைக்காரர் ஜமக்காளங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். பாதியில் அவருக்கே அலுத்துவிட்டது. "இன்னும் பார்க்கோணுங்களா?" என்றார். அக்கா அலமாரியைக் காட்டி, "அடியில ரெண்டு இருக்குதுங்களே?" என்றார். கடைசி ஜமக்காளம் வரைக்கும் பிரிக்கவைத்துவிட்டு, "மொதல்ல காட்டுனதையே கட்டுங்க" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், நான் இவரோடு தினமும் எப்படிக் குப்பை கொட்டுகிறேன் என்ற இரக்கம் இருந்தது.

நான் அப்போது பம்ப்செட் பேரிங் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. அக்கா வீட்டு மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். பெண் பார்க்கப் போன நாலைந்து இடங்களில் என்னைவிட என் வயிறு முதலில் உள்ளே நுழைந்துவிட்டதால், சம்பந்தம் எதுவும் கூடிவரவில்லை. ஒரு வீட்டில் பஜ்ஜித் தட்டைக் காலி செய்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது பெண் எழுந்து உள்ளே போயிருந்தாள். நான் முழுசாக முடித்த ஒரே காரியம்.

வீதிப் பெண்களுக்கு மொட்டை மாடியில் காலையில் ஆட்டப் பயிற்சி நடத்துவதாக அக்கா முடிவு செய்தபோது, இசைத்தட்டை மாடிக்குக் கொண்டுபோக வழி இல்லை. அவருடைய ரெக்கார்ட் பிளேயர் ஒரு சின்ன மேசை கனம். அதன் பிளக்கோ தடித்த பட்டைக் கால்களோடு இங்கிலாந்தை விட்டு வர மறுத்தது. நம்ம ஊர் சாக்கெட் எதிலும் நுழையாது. "இது ஒரு விசயமாக்கா?" என்று ஒயரை வெட்டி நான் பிளக் மாட்டினேன். அன்றைக்கு வீதி முழுக்கக் கரண்ட் போனதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்பது இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

அடுத்த நாள் பதிவு. ரெக்கார்ட் பிளேயரின் ஸ்பீக்கருக்கு எதிரில் என் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரை வைத்து, புதுக் கேசட் போட்டு, பெரிய இசையமைப்பாளர் மாதிரிக் கையைத் தூக்கி, "யாரும் மூச்சு விடக்கூடாது" என்று உத்தரவு போட்டேன். அக்கா சோபாவில் கை கட்டி உட்கார்ந்தார். அவர் வீட்டுக்காரர், மில் மெஷின் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பேப்பரைக்கூடப் புரட்டாமல் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் சாதாரணமாகவே பேசமாட்டார். அவர் குரலைக் கேட்டவர்கள் வீதியில் குறைவு. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் அந்தப் பாடகி மூச்சை இழுத்து உச்சிக்கு ஏறுகிற இடத்தில், சமையலறையிலிருந்து பருப்புக் குக்கர் ஒரு விசில் விட்டது பாருங்கள்! அதோடு விடவில்லை. வாயே திறக்காத அந்த மனிதர், வாயைத் திறந்தார்.

"அம்மணீ... குக்கரு!"

நான் நிறுத்தப் பாய்ந்தேன். அக்கா சோபாவில் இருந்தபடியே கையை நீட்டித் தடுத்துவிட்டார். தட்டு முடிந்த பிறகுதான் பேசினார்.

"இன்னொரு தடவை எடுத்துரலாம்ங்க்கா, புதுக் கேசட்டே வாங்கியாறேன்" என்றேன்.

"எதுக்குங்க? ஆரம்பிச்சாச்சு, முடிஞ்சுது. குக்கரும் நம்ம ஊட்டுக் குக்கருதானே, இருந்துட்டுப் போவுது."

பருப்பு தீய்ந்துபோயிருந்தது. அதையும் முழுசாகச் சாப்பிட்டார்கள்.

முதல் நாள் மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெட்கத்தில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தபடி. டேப்பை இயக்குபவன் என்ற உரிமையில் நானும் கடைசி வரிசையில். முதல் பாட்டின் கொட்டு மெதுவாக வரும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வீதியில் உலாத்துகிற ஆள் மாதிரி, எங்கேயும் போக அவசரமில்லாத கொட்டு. அதற்குக் கீழே தடித்த கிடார் ஒன்று நெஞ்சுக்குள் கதவைத் தட்டும். மேலே வயலின்கள் கூட்டமாக. பாட்டின் அர்த்தம் யாருக்கும் தெரியாது. ஆனால் கால் சும்மா இருக்காது. இரண்டாவது பாட்டில் வெட்கம் கொஞ்சம் கழன்றது. மூன்றாவதில் விசில் வந்தது.

அவ்வளவுதான். அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் சடாரென்று திரும்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அது தன் வீட்டுக் குக்கர். படிக்கட்டு அவர்கள் முதுகுப் பக்கம் இருந்தது. இரண்டு பேர் ஓடிப் படிவாசலைத் தொட்டேவிட்டார்கள். பிறகு "அம்மணீ... குக்கரு!" என்ற குரல் டேப்பிலிருந்து வர, ஒருவரையொருவர் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த நாளும் திரும்பினார்கள். அதற்கடுத்த நாள் அதுவே ஆட்டத்தில் ஓர் அடியாகிவிட்டது. விசிலுக்கு எல்லோரும் ஒன்றாகப் படிவாசல் பக்கம் திரும்ப வேண்டும், குரலுக்கு மறுபடி முன்பக்கம். உலகத்தில் வேறு யாரும் இந்தப் பாட்டுக்கு இப்படி ஆடியிருக்க வாய்ப்பில்லை.

தொந்தரவு கடைசிப் பாட்டில்தான். அதில் கொட்டே கிடையாது. கிடார் இல்லை, வயலின் இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து பாடுகிற வெறும் குரல்கள். ஆடி ஓய்ந்த எங்களுக்கு அது உட்காரச் சொல்கிற மாதிரிதான் கேட்கும். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவேன். அக்கா ஸ்டூலை என் அடியிலிருந்து உருவித் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துவிடுவார்.

"அக்கா, இதுக்கெப்படி ஆடறது? தாளமே இல்லியே!"

"நடங்க. கொட்டு அடிச்சா ஆரு வேணா நடப்பாங்க தம்பி. கொட்டு இல்லாமயும் நடக்கோணுமில்ல?"

அந்தக் கூட்டத்தில் எதிர்வீட்டுக்காரரின் கொழுந்தியா ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூட வேலைக்காக வெள்ளகோவிலிலிருந்து வந்து, எதிர்வீட்டில் தன் அக்காவோடு தங்கியிருந்தவள். விசிலுக்குத் திரும்பும்போதெல்லாம் முன்வரிசையில் இருந்த அவள் முகம் என் பக்கம் வரும்; நான் மட்டும் ஒரு நொடி பிந்தித் திரும்புவேன். அந்த ஒரு நொடிக்காகவே நான் அத்தனை காலையும் எழுந்தேன். பல மாதம் இப்படியே போனது. ஒருநாள் படியில் இறங்கும்போது அக்கா என் காதருகே வந்து, "ஏனுங்க தம்பி, பார்க்க ஆரம்பிச்சீங்க சரி. பார்த்துட்டேதான் இருப்பீங்களா? முடிச்சு வையுங்க" என்றார். அவள்தான் இன்றைக்கு உள்ளே தாளித்துக்கொண்டிருக்கிறாள்.

அக்காவின் பிடிவாதம் எல்லா நாளும் சிரிப்பாக இருந்ததில்லை. சிறுவாணித் தண்ணீர் வரும் நாள் ஒன்றில், பாட்டு நடுவில் குழாய் சத்தம் கேட்டதும் பெண்கள் எல்லோரும் குடத்துக்கு ஓடிவிட்டார்கள். அக்கா மட்டும் தனியாக ஆடி, கடைசிப் பாட்டையும் நடந்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார். தண்ணீர் நின்றுபோயிருந்தது. இரண்டு நாள் எதிர்வீட்டுக் குடத்தில்தான் அவர்கள் சமையல். அவர் வீட்டுக்காரர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

பிறகு அந்த விபத்து. பொள்ளாச்சி ரோட்டில் மொபெட்டில் வந்துகொண்டிருந்த அக்காவைத் தேங்காய் லாரி ஒன்று ஓரமாகத் தட்டிவிட்டுப் போய்விட்டது. தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் வரிசையாகச் சொன்னார்: கம்போடுதான் நடை, தரையில் உட்காரக்கூடாது, படி ஏறுவதை மறந்துவிட வேண்டும், ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது. அக்கா கடைசிவரை கேட்டார். "சொல்லி முடிச்சுட்டீங்களா?" என்றார். டாக்டர் தலையாட்டினார். "சரிங்க. நான் ஒண்ணு ஆரம்பிச்சு வெச்சிருக்கேன். அத முடிக்கோணும்."

மாடியில் ஆட்டம் நின்றுபோயிருந்தது. அக்கா படுக்கையிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"டேப்ப மேல கொண்டுபோய் வைங்க தம்பி. எல்லாரையும் வரச்சொல்லுங்க."

"நீங்க இல்லாம எப்படீங்க்கா?"

"நான் எங்க போயிட்டேன்? கீழதானே இருக்கறேன். சத்தமா வையுங்க, எனக்குக் கேக்கோணும்."

நாங்கள் மேலே ஆடினோம். கீழே கூடத்தில், ஜன்னலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே, கூரை வழியாக இறங்கிய கொட்டுக்கு அக்கா கம்பு ஊன்றி நடந்தார். முதலில் பாதிப் பாட்டு. பிறகு ஒரு பாட்டு. வலியில் உதட்டைக் கடித்து ரத்தம் வந்த நாளும் உண்டு என்று அவர் வீட்டுக்காரர் பின்னால் ஒருநாள் சொன்னார். அவர் என்னிடம் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அக்கா மாடிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்பது மட்டும். ஊரில் பாதிப்பேர் நம்பவில்லை. நானும் அந்தப் பாதியில்தான்.

ஒரு காலை. முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, எப்போதும் போல. மூன்றாவதில் பாடகி உச்சிக்கு ஏறினார். விசில் வந்தது. எல்லோரும் படிவாசல் பக்கம் திரும்பினோம்.

படிவாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

ஒரு கையில் கம்பு, இன்னொரு கை நிலையில். முகமெல்லாம் வேர்வை. அவருக்குப் பின்னால், ஒரு படி கீழே, அவர் வீட்டுக்காரர் நாற்காலி ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி. முதல் பாட்டின் முதல் கொட்டுக்கு அக்கா முதல் படியில் கால் வைத்தாராம். ஒவ்வொரு படிக்கும் பின்னாலேயே நாற்காலியைக் கொண்டுவந்து, "ஒக்காரு அம்மணி" என்று இவர் கெஞ்ச, "பாட்டு முடியட்டுங்க" என்று அவர் ஏறியிருக்கிறார்.

"அம்மணீ... குக்கரு!" என்றது டேப். நாங்கள் யாரும் முன்பக்கம் திரும்பவில்லை. சில பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்கு நிக்கறீங்க? பாட்டு போயிட்டிருக்குதில்ல? திரும்புங்க அங்குட்டு!"

திரும்பினோம். அக்கா தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்று, கைகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். நான் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். ஒவ்வொரு பாட்டாகப் போனது. அவர் வீட்டுக்காரர் நாற்காலியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் நகர்ந்து வந்தார். கடைசிப் பாட்டு வந்ததும் அக்கா கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓர் அடி வைத்தார். கொட்டு இல்லை, கம்பு இல்லை. நாலைந்து பேரின் வெறும் குரல். இடது கால் இழுத்துக்கொண்டு வந்தது. மொட்டை மாடியின் அந்தக் கோடி வரைக்கும் போய்க் கைப்பிடிச் சுவரைத் தொட்டார். அங்கிருந்து திரும்பி, வீட்டுக்காரரிடம், "இப்ப கொண்டாங்க அந்த நாற்காலிய" என்றார்.

எனக்கு அன்றைக்கு டேப்பை நிறுத்த மறந்துபோனது. முடிந்த கேசட் வெகுநேரம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

சில வருடங்களில் அவர் வீட்டுக்காரர் காலமானார். மகன் வந்து அக்காவை வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கிளம்பும் அன்று அக்கா இசைத்தட்டை என் கையில் கொடுத்தார். "இது சுத்தமா இருக்குது, நீங்களே வெச்சுக்குங்க." போட்டுக் கேட்க என்னிடம் பிளேயர் இல்லாததால் அது இன்றுவரை பரணில்தான் இருக்கிறது. குக்கர் விழுந்த கேசட்டைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். நான் அசடு. அதில் அவர் வீட்டுக்காரரின் அந்த ஒரு வாக்கியம் இருக்கிறது என்பது ரயில் பீளமேட்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்காவும் இப்போது இல்லை.

இன்று காலை போனை ஜன்னல் திண்டில் வைத்து ஆல்பத்தைப் போட்டேன். என்ன துல்லியம்! பருப்பு அளவு மைக் வழியாக அத்தனை வருடம் கேட்ட பாட்டுக்குள் ஒரு சின்ன மணிச் சத்தம் இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது. வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தேன். முதல் பாட்டில் முட்டி என் அம்மாவை நினைவுபடுத்தியது. இரண்டாவதில் டாக்டரின் அம்மாவை. மூன்றாவதில் பாடகி மூச்சை இழுத்து உச்சிக்கு ஏறினார். என் உடம்பு தானாகத் திரும்பத் தயாரானது.

விசில் வரவில்லை. அது எங்கள் கேசட்டில் மட்டும்தானே உண்டு. குழிக்குள் கால் வைத்தவன் மாதிரி அப்படியே நின்றேன்.

அப்போது சமையலறையிலிருந்து, ஆண் குரலை வரவழைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் குரல் கொடுத்தார்.

"அம்மணீ... குக்கரு!"

வாக்கரோடு திரும்பினேன். சமையலறை வாசலில் கரண்டியோடு அவளும் என் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். பழைய முகம் அதே நொடிக்கு வந்தது.

கடைசிப் பாட்டு வந்தபோது நான் துளசிச் செடியை நெருங்கியிருந்தேன். முட்டி விண் விண் என்று தெறித்தது. கொட்டு நின்றுபோயிற்று. போதும் என்று நாற்காலியின் கையைப் பிடிக்கப் போனேன். நாற்காலி நகர்ந்தது. அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அட, கொண்டா இங்க. வலிக்குது பாரு."

"பாட்டு முடியட்டுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியோடு உள்ளே போய்விட்டாள்.

வாக்கரை அங்கேயே விட்டேன். நாலைந்து பேரின் வெறும் குரல் பின்னாலிருந்து வந்தது. இடது காலை வைத்தேன். வலது காலை வைத்தேன். கேட்டைத் தொட்டபோதும் பாட்டு முடிந்திருக்கவில்லை. திரும்பி நடந்தேன்.